கிளைநூலின் கடன்

கதை முடிந்த பின்னும் கதை நிகழ்ந்த உலகம் முடிவதில்லை. தலைவன் வென்று அல்லது வீழ்ந்து மேடையைவிட்டு அகன்ற பின்னரும் அவன் நடந்த தெருக்கள் படிப்போர் உள்ளத்தில் அப்படியே கிடக்கின்றன. அத்தெருவில் ஒரு மூலையில் நின்று ஒரே ஒரு சொல் பேசிச் சென்றவளின் முகமும் நினைவில் நிற்கிறது. அவள் வீட்டில் அன்றிரவு என்ன நடந்தது என்று யாரேனும் ஒருவர் கேட்கத் தொடங்கும்போதே கிளைநூல் கருக்கொண்டுவிடுகிறது. அக்கேள்விக்கு விடை எழுத முற்படுபவர், தாம் படைக்காத ஓர் உலகிற்குள் குடிபுகுகிறார். அவர் அவ்வுலகிற்குச் செலுத்த வேண்டிய கடன் யாது? அதை எந்த அளவிற்கு மாற்ற அவருக்கு உரிமை உண்டு? கலை பற்றிய வினாவாகத் தோன்றும் இது, ஆழ்ந்து நோக்கின், அறம் பற்றிய வினாவே ஆகும்.

இக்காலத்தில் இவ்வினா மிகுதியும் எழுவது அறிவியல் புனைகதைத் தொடர்களைப் பற்றியே. விண்கலங்களும் எந்திர மனிதரும் உலவும் கற்பனை உலகம் ஒன்றை ஒருவர் படைக்கிறார். அது பல்லாண்டு நிலைத்து முதிர்கிறது. பின்னர் அவ்வுலகின் ஒரு மூலையைப் பற்றிக்கொண்டு புதிய தொடர்கள் கிளைக்கின்றன. சில தழைக்கின்றன, பல பட்டுப்போகின்றன. பணமும் விளம்பரமும் இரண்டிற்கும் ஒன்றுபோலவே செலவிடப்படுவதால், வேறுபாட்டை அவற்றில் தேடிப் பயனில்லை.

தமிழ் ஆசிரியர்க்கு இதனை ஆராயக் கருவி தேடி வெளியே செல்ல வேண்டிய தேவை இல்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினார். முன்னோர் கண்ட முடிவுகளை ஏற்றுக்கொண்டு, தாம் வேண்டும் வேறுபாடுகளையும் மரபு கெடாமல் சேர்த்துச் சொல்வது வழிநூல். முன்னைய நூல்களோடு ஒரு பக்கம் ஒத்து, மற்றவற்றில் தன் போக்கில் வேறுபட்டு நிற்பது சார்புநூல். இலக்கண நூல்களை எண்ணி அவர் வகுத்த பகுப்பு இது. எனினும் கதைகளுக்கும் இதை ஏற்றிப் பார்க்கலாம். பின்வந்தோன் வேறுபடுவதை அவர் குற்றமாகக் கருதவில்லை என்பது ஈண்டு கருதத்தக்கது. நூற்குற்றம் பத்து என அவர் பட்டியலிட்டபோது அதில் இடம்பெற்றவை கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் போன்றவையே. இக்காலக் கிளைத்தொடர்கள் பலவற்றின் நோய்க்கும் இப்பட்டியலிலேயே பெயர் இருக்கிறது.

ஜொகூர் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்க்கு வேறொரு விளக்கமும் தேவைப்படாது. பால்மரத்திற்கு ஒட்டுக்கட்டும் முறையை அவர்கள் அறிவார்கள். விதையிலிருந்து முளைத்த நாற்றின் அடித்தண்டில் பட்டையைக் கீறித் திறந்து, வேறொரு நல்ல மரத்திலிருந்து எடுத்த மொட்டுப்பட்டையை அதனுள் பதித்துக் கட்டுவார்கள். சில வாரங்கள் கழித்துக் கட்டை அவிழ்த்து, பதித்த பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் ஒட்டு உயிர் பிடித்தது என்று பொருள். அதன்பின் பழைய நாற்றின் தலைப்பகுதியை வெட்டிவிடுவார்கள். வேர் பழையது, நீரும் சத்தும் அவ்வேர் தருபவை. மேலே எழும் மரமோ புதியது. பழைய தலையை வெட்ட மனமின்றி விட்டுவைத்தால் மொட்டு துளிர்க்காமல் உறங்கியே கிடக்கும். இந்தத் தோட்டங்களுள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஒட்டுக்கட்டத் தெரிந்த கைகளும் அருகிவிட்டன.

தமிழில் இத்துறைக்கு நேரான சான்று சுஜாதாவின் எழுத்தில் கிடைக்கிறது. எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் (1935–2008) பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். 1980களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய தொடர்கதை ‘என் இனிய இயந்திரா’. அக்காலத்தில் ஜொகூர் பாருவில் வாழ்ந்த தமிழர்க்குக் கடல்கடந்து வரும் தமிழக வார இதழ்கள் ஒருபுறமும், நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் சிங்கப்பூர்த் தொலைக்காட்சி ஒளிபரப்பு மறுபுறமும் வெளியுலகின் கற்பனைகளைக் கொண்டுவந்து சேர்த்தன.

அக்கதை அன்றைய கணக்கில் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வரப்போகும் இந்தியாவில் நிகழ்கிறது. ஜீவா என்னும் தலைவரின் ஆட்சி. குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்னும் இளம்பெண்ணின் கணவன் காணாமல் போகிறான். அவனைத் தேடும் முயற்சியில் அவளுக்குத் துணையாக வந்து சேர்வது ஜீனோ என்னும் எந்திர நாய். நாடே வணங்கும் ஜீவா மெய்யான மனிதரா என்னும் ஐயம் கதையின் உயிர்நாடி. அந்த அமைப்பில் ஜீனோவின் இடம் சிறியது. நகைச்சுவைக்காகவும் நிலாவின் தனிமையைப் போக்குவதற்காகவும் படைக்கப்பட்ட துணைப்பாத்திரமாகவே அது தோன்றியிருக்க வேண்டும். ஆனால் வாரந்தோறும் கதையைத் தொடர்ந்தவர்களின் அன்பு அந்த நாயின்மேல் சென்று நின்றது. அது புத்தகம் படித்தது, குத்தலாகப் பேசியது, தன் எல்லையைத் தானே கேலிசெய்தது. மனிதர்கள் எல்லாரும் அஞ்சிப் பொய்பேசிய ஒரு நாட்டில், அச்சமின்றிச் சிந்தித்த ஒரே உயிர் உயிரற்ற அந்தப் பொறியாக இருந்தது.

பின்னர் வந்த ‘மீண்டும் ஜீனோ’ தலைப்பிலேயே தன் வேறுபாட்டை அறிவித்துவிட்டது. தொடர்ச்சி என்றும் இதைச் சொல்லலாம். கிளை என்றும் சொல்லலாம். நிலாவும் இருக்கிறாள், அரசியல் சூழ்ச்சியும் இருக்கிறது. ஆயினும் கதையின் நடுவம் பெயர்ந்துவிட்டது. முதற்கதையின் வினா, ஆளப்படும் மக்கள் ஏமாற்றப்படுவதைப் பற்றியது. இரண்டாம் கதையின் வினா, தன்னைப் பற்றி எண்ணத் தொடங்கிவிட்ட ஒரு பொறியைப் பற்றியது. உணர்வும் பற்றும் தனக்கு உண்டாவதுபோல் அதற்குத் தோன்றினால் அதற்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? அதைக் கழற்றிப் பிரிப்பது பழுதுபார்த்தலா, கொலையா? முதற்கதையில் இவ்வினா விதையாக மட்டுமே கிடந்தது. அதனை வெளியே எடுத்து வளர்த்ததுதான் சுஜாதா செய்த செயல். தம் வெற்றிக்கதையைத் தாமே ஒருமுறை திருப்பிச் சொல்லியிருந்தாலும் இதழ் விற்றிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை.

இதழின் விற்பனைக்காகத்தானே ஜீனோவை மீண்டும் அழைத்தார்கள் என்று சிலர் கூறக்கூடும். அவ்வாறே இருக்கட்டும். வணிக நோக்கம் கிளைநூலைத் தோற்றுவிக்கலாம். அதன் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. புலவர்கள் பொருள் நாடியே மன்னர் வாயில்களில் காத்து நின்றார்கள். அதனால் புறநானூறு தாழ்ந்துவிடவில்லை.

இதே காலப்பகுதியில் அமெரிக்காவிலும் ஒரு கிளை துளிர்த்தது. ஜீன் ராடன்பெரி படைத்த ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடர் 1966 முதல் 1969 வரை மூன்றே பருவங்கள், 79 பகுதிகள் ஒளிபரப்பாகிப் போதிய பார்வையாளர் இன்றி நிறுத்தப்பட்டது. மறுஒளிபரப்புகளில்தான் அதற்கு உயிர் வந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1987இல், அதே உலகில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து நிகழ்வதாக ‘அடுத்த தலைமுறை’ என்னும் பெயரில் புதிய தொடர் வந்தது. பழைய தலைவர் கர்க்கும் அறிவே உருவான ஸ்பாக்கும் இல்லாத ஸ்டார் டிரெக்கா என்று பழைய அன்பர்கள் முகம் சுளித்தனர். தொடக்கத்தில் அவர்களின் ஐயம் சரியென்றே தோன்றியது. முதற்பருவத்தின் ஆரம்பத்திலேயே, மூலத்தொடரில் கப்பலில் உள்ளோர் பலரும் மயக்கநோய்க்கு ஆட்பட்ட கதையை மீண்டும் எடுத்து, புதிய நடிகர்களை வைத்து ஒரு பகுதி தயாரித்தார்கள். இது நன்னூலார் சொன்ன கூறியது கூறலேதான். பார்வையாளர்க்குப் புதியவர்களை இன்னும் தெரியாது. தெரியாதவர்கள் மயங்கினால் என்ன, மயங்காவிட்டால் என்ன?

மாற்றம் 1989இல் வந்த ஒரு பகுதியில் தெளிவாகப் புலப்பட்டது. டேட்டா என்னும் எந்திர மனிதன் அக்கப்பலின் அலுவலர்களுள் ஒருவன். அவனைப் பிரித்துப்பார்த்து அவனைப்போல் ஆயிரவரைச் செய்ய ஓர் ஆய்வாளன் விரும்புகிறான். டேட்டா உடன்படாமல் பதவி விலக முற்படுகிறான். விலகும் உரிமை அவனுக்கு உண்டா, அல்லது அவன் அரசின் உடைமையா என்று வழக்கு எழுகிறது. அவனுடைய நண்பனே அவனுக்கு எதிராக வாதாட வேண்டிய நிலை. ஆயிரம் டேட்டாக்களைச் செய்து அவர்களை வேலைவாங்கினால் அதற்கு அடிமைமுறை என்பதன்றி வேறு பெயர் என்ன என்னும் எண்ணம் கப்பல் தலைவர் பிக்கார்டின் உள்ளத்தில் உறைக்கிறது. அவனுக்கு ஆன்மா உண்டா என்பதைத் தம்மால் சொல்ல இயலாது. ஆயினும் தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு என்று நீதிபதி தீர்ப்பளிக்கிறார். பெரும் போர்க்காட்சி ஒன்றும் இல்லை. ஓர் அறையும் சில மனிதரும் ஒரு வழக்கும் மட்டுமே. அத்தொடர் பின்னர் 1994 வரை ஏழு பருவங்கள், 178 பகுதிகள் நீண்டது. ஜீனோவின் வினாவும் டேட்டாவின் வினாவும் ஒன்றே. இவ்விரண்டும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இருவேறு மொழிகளில் எழுந்திருப்பது வியப்புக்குரியது. கணிப்பொறி வீட்டிற்குள் நுழையத் தொடங்கிய காலம் அது என்பதை நினைத்தால் வியப்புச் சற்றே குறையும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். புதிய வினா வேண்டுமென்றால் புதிய உலகையே படைத்துக்கொள்ளலாமே, பழைய வேர் எதற்கு? இம்மறுப்பிற்கு விடை தேட இரட்டைக் காப்பியங்களிடம் செல்வதே முறை.

சிலப்பதிகாரத்தில் மணிமேகலை ஒரு குழந்தை. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள், கோவலனின் முன்னோனைக் கடலில் காத்த தெய்வத்தின் பெயரைத் தாங்கியவள், அவ்வளவே. அக்காப்பியத்தின் பெருந்துன்பத்தில் அவளுக்குப் பங்கில்லை. சீத்தலைச் சாத்தனார் அக்குழந்தையைத் தலைவியாக்கி முப்பது காதைகள் பாடினார். சிலம்பிற்கும் முப்பதே காதைகள். அச்சில் இவை வெளிவந்ததும் ஒருவரின் உழைப்பாலேயே; உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலம்பையும் 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். உலகியல் முறையில் பார்த்தால் மணிமேகலை நாடகமகளிர் குலத்தில் பிறந்து, அக்குலத் தொழிலைச் செய்ய வேண்டியவள். பாட்டி சித்திராபதி அதைத்தான் எதிர்பார்க்கிறாள். இந்திரவிழா வருகிறது, மாதவியும் மகளும் ஆடவில்லையே என்று ஊர் அலர் தூற்றுகிறது. அப்போது மாதவி சொல்லும் மறுமொழியைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் நின்று நினைக்க வேண்டும். மணிமேகலை கண்ணகியின் மகள் என்கிறாள் மாதவி. பெற்றவளே இவ்வாறு சொல்கிறாள். குருதி வழியில் அது பொய். அறத்தின் வழியில் அது மெய்.

பழைய வேர் எதற்கு என்னும் வினாவிற்கு விடை இங்கே இருக்கிறது. சாத்தனார் புதிதாக ஒரு துறவிப் பெண்ணைப் படைத்து அவள் கையில் அமுதசுரபியைக் கொடுத்திருந்தால் அது நல்லதொரு சமயக்கதையாக அமைந்திருக்கும். மாதவியின் மகள் அதனை ஏந்துவதால்தான் அதற்கு வரலாற்றின் கனம் ஏறுகிறது. தந்தை கொலையுண்டான், ஒரு நகரம் எரிந்தது, இவற்றின் பின் வந்தவள் என்ன செய்வாள் என்று கேட்போர் உள்ளம் தவிக்கிறது. தாய்நூல் எழுப்பிவிட்டுத் தீர்க்காமல் சென்ற தவிப்பே கிளைநூலின் மூலதனம். கண்ணகியின் கதையில் தீ ஊரை எரித்தது. மணிமேகலையின் கதையிலும் தீ உண்டு. அது காயசண்டிகையின் வயிற்றில் எரியும் யானைத்தீ, உண்ண உண்ண அடங்காத பசி. ஆதிரை முதற்பிச்சை இட்ட கலத்திலிருந்து ஒரு பிடி சோற்றை மணிமேகலை இட, அத்தீ அவிகிறது. சிலம்பில் அரசன் ஆராயாமல் தண்டித்தான். மணிமேகலையில் அவள் சிறையுள் புகுந்து பசித்தோர்க்கு உணவிட, அரசன் அவள் வேண்டுகோளை ஏற்றுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறான். முன்னைய நூலின் காயங்கள் ஒவ்வொன்றையும் பின்னைய நூல் தொட்டுப் பார்த்திருக்கிறது. தொட்டது என்று அது வாய்விட்டுச் சொல்லவில்லை.

கண்ணகியும் வருகிறாள். வஞ்சிமாநகரில் கோயில் கொண்ட பத்தினித் தெய்வமாக நின்று மணிமேகலையுடன் பேசுகிறாள். மதுரையை எரித்த தன் சினத்திற்கும் வினைப்பயன் உண்டு, நல்வினை தீர்ந்தபின் அது தன்னை வந்தடையும் என்கிறாள். இளங்கோவடிகள் எந்தச் செயலைக் காப்பியத்தின் முடியாக உயர்த்தினாரோ, அந்தச் செயலையே சாத்தனார் வினைக்கோட்பாட்டின் தராசில் வைத்து நிறுக்கிறார். பதிகங்கள் கூறுவதை நோக்கின் இருவரும் ஒருவர்முன் ஒருவர் தம் நூலைச் சொல்லி மகிழ்ந்த நண்பர்கள். நண்பனின் தலைவியை இழிவுபடுத்தாமல், அவள் வாயாலேயே அவள் செயலின் மறுபக்கத்தைச் சொல்லவைத்தார் சாத்தனார். பிறகு கண்ணகி விடைகொடுக்கிறாள். மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டறியச் செல்கிறாள். தாய்நூலின் தலைவி கிளைநூலில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல அளவு கிடைப்பது அரிது. (1987இன் முதற்கதையிலும் மூலத்தொடரின் மருத்துவர் மெக்காய் தள்ளாத முதுமையில் ஓரிரு நிமிடம் தோன்றி, டேட்டாவுடன் சில சொல் பேசிவிட்டுப் போய்விடுகிறார். அவர் மேலும் சற்று நேரம் நின்றிருந்தால் புதியவர்களை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.)

மணிமேகலையின் பின்பகுதி சமயவாதங்களால் கனத்துவிட்டது, கதைச்சுவை குன்றியது என்று குறைகூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. தன் வினாவில் மிகுதியும் தோய்ந்த கிளைநூலுக்கு நேரக்கூடிய இடர் அது. ஆயினும் தன் வினா என ஒன்றே இல்லாத கிளைநூலின் வறுமையோடு ஒப்பிட்டால் அது செல்வர் வீட்டுக் குறைபாடு.

அந்த வறுமைக்கு அண்மைக்காலச் சான்றுகள் பல. ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படங்களில் போபா ஃபெட் என்பவன் முகமூடி அணிந்து, மிகச் சில சொற்களே பேசி, அதனாலேயே மக்கள் மனத்தில் பேருருக் கொண்டவன். 2021 இறுதியில் தொடங்கி 2022இல் முடிந்த ஏழு பகுதித் தொடர் ஒன்று அவன் பெயரிலேயே வந்தது. அதன் ஐந்தாம் பகுதி முழுமையும் வேறொரு தொடரின் தலைவனுக்குப் போய்விட்டது. ஆறாம் பகுதியிலும் பெரும்பங்கு அவனுக்கே. தன் வீட்டுத் திருமணத்தில் தானே விருந்தாளியாக ஓரத்தில் அமர்ந்தவன் நிலையாயிற்று போபா ஃபெட்டின் நிலை. மற்றொன்று விரித்தல் என்பதற்கு வகுப்பில் எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

இதனினும் வருந்தத்தக்கது 2005இல் நேர்ந்தது. ‘ஸ்டார் டிரெக்’ மரத்தின் மற்றொரு கிளையாகிய ‘என்டர்பிரைஸ்’ 2001இல் தொடங்கி நான்கு பருவங்களில் 98 பகுதிகளுடன் நிறுத்தப்பட்டது. அதன் இறுதிப் பகுதியில், அத்தொடரின் மாந்தர் நான்கு ஆண்டுகள் வாழ்ந்த வாழ்வு, ‘அடுத்த தலைமுறை’த் தொடரின் அலுவலர் ரைக்கர் தம் கப்பலில் உள்ள போலிக்காட்சி அறையில் ஓட்டிப் பார்க்கும் ஒரு நிழற்காட்சியாகக் காட்டப்பட்டது. ரசிகர்களுக்கு இது ஒரு பரிசு என்று படைத்தவர்கள் எண்ணியிருக்கக் கூடும். ஆனால் அம்மாந்தருடன் நான்கு ஆண்டு பழகியவர்களுக்கு அது அவமதிப்பாகவே பட்டது. இங்கே அறப்பிழை உண்டு என்று துணிந்து சொல்லலாம். கற்பனை மாந்தர்க்குத் துன்பம் நேர்வதில்லை. ஆயினும் அவர்களை நம்பி மனத்தைக் கொடுத்தவர்க்கு நேர்கிறது. ஒருவரை அவர்தம் இறுதிநாளில்கூட அவர்க்காகவே மதிக்காமல், இன்னொருவரின் பொழுதுபோக்காக ஆக்கும் மனப்பான்மை கதையில் வந்தாலும் கசக்கவே செய்கிறது.

முதிர்ந்த மரத்திற்கு வேறொரு இடரும் உண்டு. அதன் ரசிகர்கள் தாங்களே அதன் உரிமையாளர் என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அந்த எண்ணத்தை எள்ளி நகையாடிவிட முடியாது. நிறுத்தப்பட்ட தொடரை மறுஒளிபரப்பில் பார்த்துப் பார்த்து வளர்த்தவர்கள் அவர்களே. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோதும் மாந்தர்களின் பிற்காலத்தைப் பற்றி வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தனர். கல்கியும் முடிவுரையில் சிலவற்றைச் சுருங்கச் சொன்னார். அவ்வேட்கையின் வழியிலேயே விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். பழகிய முகங்களை மீண்டும் காண விரும்புவது மனித இயல்பு. அவ்வியல்பை மதிப்பது வேறு. அதற்கு அடிமையாவது வேறு. பழைய முகங்களையே வரிசையாக நிறுத்திக் கைதட்டல் வாங்கும் தொடர், பாட்டன் பெருமையைப் பேசியே காலம் கழிக்கும் பேரனை ஒக்கும்.

அப்படியாயின் கிளைநூல் தாய்நூலின் நம்பிக்கைகளையே எதிர்த்துப் பேசலாமா? இதுவே வினாவின் கடினமான பகுதி. 1993 முதல் 1999 வரை வந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ இதைத் துணிந்து செய்தது. மூலத்தொடரில் மனிதகுலம் வறுமையையும் பகையையும் வென்று விண்வெளியில் அறத்தோடு உலவும். இக்கிளையின் களமோ உலவும் கப்பல் அன்று. நீண்டகாலம் அயலாரின் அடக்குமுறையில் கிடந்து மீண்ட ஒரு நாட்டின் அருகே நிலைத்து நிற்கும் ஒரு நிலையமே அதன் களம். அறத்தைச் சொல்லிவிட்டு அடுத்த உலகிற்குப் பறந்துபோக வழியில்லை. செய்த செயலின் விளைவோடு மறுநாளும் அங்கேயே விழிக்க வேண்டும். 1998இல் வந்த ஒரு பகுதியில் நிலையத் தலைவர் சிஸ்கோ, தோல்வியை நோக்கிச் செல்லும் போரில் நடுநிலை நாடு ஒன்றைத் தம் பக்கம் இழுக்கப் பொய்ச்சான்றுக்கு உடன்படுகிறார். அதன் தொடர்ச்சியாக அவர் அறியாமலே கொலையும் நிகழ்கிறது. போரில் வெற்றிக்கு வழி பிறக்கிறது. தம் மனச்சான்றின் விலைக்கு அது மலிவே என்று தம்மையே தேற்றிக்கொள்ள முயன்று, பதிவு செய்த வாக்குமூலத்தை அவரே அழித்துவிடுகிறார்.

இது தாய்நூலுக்கு இரண்டகம் என்று கொதித்தவர்கள் இருந்தனர். ஆனால் சிஸ்கோவின் வேதனைக்குப் பொருளே தாய்நூல் தந்த அறத்தால்தான் உண்டாகிறது. அறமே இல்லாத உலகில் ஒரு பொய் எவரையும் உறங்கவிடாமல் செய்யாது. கண்ணகியின் சினத்தை நிறுத்துப் பார்த்த சாத்தனார் கண்ணகியை மறுக்கவில்லை. அச்சினத்தை இளங்கோவடிகளை விடவும் கடுமையாக எடுத்துக்கொண்டார். தாய்நூல் சொன்னதை விளையாட்டாகக் கருதுபவன்தான் அதற்கு மெய்யான பகைவன். அவன் ஒருவேளை மிகப் பணிவாகவும் நடந்துகொள்வான். பழைய ஆடை, பழைய இசை, பழைய வாசகம் எல்லாவற்றையும் பிழையின்றி எடுத்துவைப்பான்.

‘ஆண்டோர்’ என்னும் தொடர் 2022லும் 2025லுமாக இரு பருவங்களில் 24 பகுதிகளாக வந்தபோது, ‘ஸ்டார் வார்ஸ்’ உலகின் அடையாளமான ஒளிவாள் வீரர்கள் அதில் இல்லை. தலைவன் கேசியன் 2016இல் வந்த திரைப்படமொன்றில் இறந்துபோனவன். முடிவு எல்லார்க்கும் தெரிந்த கதை. பேரரசின் சிறையில் கைதிகள் பகலெல்லாம் ஏதோ எந்திர உறுப்புகளைப் பூட்டுகிறார்கள். எதற்காக என்று அவர்களுக்குத் தெரியாது. பழைய படங்களில் கோள்களையே அழிக்கும் கருவியின் உறுப்புகள் அவை என்பது பின்னர் பார்வையாளர்க்கு மட்டும் காட்டப்படுகிறது. பழைய கதையில் வெறும் வெடிப்பாக இருந்த ஒரு பொருளுக்குப் பின்னால் இத்தனை கைகளும் இத்தனை பசியும் இருந்தன என்று காட்டியதில், அத்தொடர் தாய்நூலையே பின்னோக்கிச் சென்று கனமாக்கிவிட்டது. கிளை வேருக்கு உரமிடுவது என்பது இதுதான்.

தமிழ்த் திரையுலகிலும் ‘எந்திரன்’ 2010இல் வந்தது. சுஜாதா அதற்கு உரையாடல் எழுதத் தொடங்கி, நிறைவுறுமுன் 2008இல் மறைந்தார். படைத்தவனையே மீறி உணர்வு கொள்ளும் சிட்டியின் வினா ஜீனோவின் வினாவிற்கு உறவு. 2018இல் வந்த ‘2.0’ பறவைகளின் அழிவு என்னும் தனி வினாவை எடுத்துக்கொண்டது நன்றே. ஆனால் சிட்டி அதில் பெரும்பாலும் போர்க்கருவியாகவே திரும்பி வந்தான். முதற்படத்தின் இறுதியில் தன்னைத்தானே கழற்றிக்கொண்டு பேசிய அந்தப் பொறி, மீண்டும் பூட்டப்பட்டபோது என்ன எண்ணியது என்று யாரும் அதைக் கேட்கவில்லை.

முடிந்த கதையைத் தொடர்ந்து எழுதுக என்பது பள்ளிகளில் தரப்படும் பழகிய கட்டுரைப் பயிற்சி. மாணவர் பெரும்பாலும் தலைவனையே எடுத்துக்கொள்வர். அவனுக்கு மேலும் ஒரு வெற்றியைத் தருவர். சிலம்பை நடத்தும் ஆசிரியர் அவர்களை மதுரைப் புறஞ்சேரியின் ஆயர்பாடிக்கு அழைத்துச் செல்லலாம். மாதரியின் மகள் ஐயை அங்கே இருக்கிறாள். கண்ணகி சமைக்கத் துணை நின்றவள், தீக்குறி கண்டு குரவை ஆடியவள். அடைக்கலமாக ஏற்றவளைக் காக்க முடியவில்லையே என்று அவள் தாய் தீயில் புகுந்துவிட்டாள். பின்னர் கண்ணகியின் செவிலியும் தோழியும் தேவந்தியும் தேடி வந்தபோது, அவர்களுடன் சேர நாட்டிற்கு நடந்து செல்கிறாள் ஐயை. தன் நகரை எரித்தவளும், தன் தாயின் இறப்பிற்குக் காரணமானவளும், தன் வீட்டில் ஒருபொழுது உண்டவளுமான ஒருத்தியின் கோயிலை நோக்கி அத்தனை தொலைவு நடக்கும்போது அந்த ஆயர்மகள் வழியில் என்ன பேசியிருப்பாள்?